மழைக்குத் தொட்டது

மழை வந்தால் எல்லோரும் கதவைச் சாத்துவார்கள். எங்கள் அம்மா மட்டும் புழக்கடைக் கதவைத் திறந்து வைப்பாள். நெசவுக்காரர் வீட்டில் இதைவிடக் கிறுக்குத்தனம் வேறு இருக்க முடியாது. நூலில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் திறப்பாள். ஏன் என்று தெரிந்தவர்களில் இப்போது மிச்சம் நானும் அக்காவும்தான். அக்கா தொலைவில் இருக்கிறாள். ஆகையால் நான் சொல்கிறேன்.

ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. அப்போது மேட்டூரில் அணை எழும்பிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கடல் மாதிரித் தண்ணீர் நிற்கிறது என்று போய்ப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். எங்கள் கிணற்றில் வாளி தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. இதை யாரிடம் போய்க் கேட்பது? வெள்ளைக்காரன் ஆட்சி மோசம் என்று சேலத்திலிருந்து வந்தவர்கள் மேடை போட்டுப் பேசிவிட்டுப் போனார்கள். மோசமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வெள்ளைக்காரன் எங்கேயோ இருந்தான். எங்கள் தெருவில் இருந்தவர் பெரியதனக்காரர்.

பெரியதனக்காரர் என்றால் தெருவுக்குத் தலைவர். அவருடைய அப்பா தலைவராக இருந்தார், அதனால் இவரும் இருந்தார். கல்யாணம், சாவு, பங்காளிச் சண்டை எல்லாவற்றுக்கும் அவர் வாயிலிருந்து வார்த்தை வர வேண்டும். பார்வைக்கு நல்ல மனிதர். வெள்ளை வேட்டி, வெற்றிலைப் பெட்டி, கனத்த குரல். யோசித்து ஒரு முடிவு எடுக்க வராது. எடுத்துவிட்டால் அதை விடவும் வராது.

அந்த வருஷம் தெருவில் திருட்டு அதிகம். பாத்திரம் பண்டத்தைத் தொட மாட்டார்கள். தறியில் பாதி நெய்து நிற்கிற சேலையைக் கத்தியால் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் முறை போட்டு ராக்காவல் வைத்தார்கள். முறை போட்டவர் பெரியதனக்காரர். காவல் நின்ற இடமும் பெரியதனக்காரர் நூல் மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கி வாசல்தான். எங்கள் அப்பா அங்கே போய்க் காவல் நின்ற அன்றைக்கே எங்கள் வீட்டுத் தறியில் சேலை போயிற்று.

மாரியம்மன் கோயில் கொட்டகையில் கூட்டம் கூடியபோது அப்பா கேட்டார். "காவலுக்குத் தெருவே வருதுங்க. காவல் மட்டும் உங்க கிட்டங்கிய விட்டு நகர மாட்டீங்குதே, அது ஏனுங்க?"

பதில் வருவதற்குள் அப்பாவின் தோளில் துண்டு இருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். தலைவர் முன்னால் பேசுகிறவன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கோபத்தில் அப்பா மறந்துவிட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் திருட்டை எல்லோரும் மறந்து, துண்டைப் பற்றியே பேசினார்கள். கோயில் வாசலில் அப்பா பெரியதனக்காரர் காலில் விழுந்து கும்பிட்டால் மன்னிப்பு, இல்லாவிட்டால் எங்கள் வீடு தள்ளிவைப்பு என்று தீர்ப்பாயிற்று. அப்பா வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்துகொண்டார்.

தள்ளிவைப்பு என்றால் யாரும் அடிக்க மாட்டார்கள். பேச மாட்டார்கள், அவ்வளவுதான். சவரம் செய்கிறவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். அப்பாவுக்குத் தாடி வளர்ந்தது. துணி வெளுக்கிறவர் மூட்டையை எடுக்கவில்லை. எங்கள் வீட்டு ஆட்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கிற வீடும் தள்ளிவைக்கப்படும். அதனால் நேற்று வரை எங்கள் அடுப்பில் தணல் வாங்கிப் போனவர்கள்கூட என்னைத் தெருவில் பார்த்தால் வானத்தைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது பாவாடை கட்டுகிற வயது. அந்த வானத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் நிமிர்ந்து பார்ப்பேன். எரிச்சலாக வரும்.

நெசவுக்காரனை இது எங்கே பிடிக்கும் என்றால் பாவில் பிடிக்கும். தறியை ஒருவன் தனியாக ஓட்டலாம். பாவு போட ஆள் வேண்டும். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு; அதைக் கஞ்சியில் தோய்த்து, மரத்தடி மைதானத்தில் இழுத்துக் கட்டி, காய்வதற்குள் பிரஷ் போட்டு நீவி, ஒட்டின இழைகளைப் பிரித்துவிட வேண்டும். அந்த மைதானத்துக்குப் பாவடி என்று பேர். என் பாவுக்கு நீ வா, உன் பாவுக்கு நான் வருகிறேன் என்பதுதான் பாவடியின் கணக்கு. இப்போது எங்களுக்குப் பாவடியும் இல்லை, ஆளும் இல்லை.

இதையெல்லாம் அம்மா தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்று. அது அக்கா.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கட்டிக்கொடுத்தது தொலைவில் இல்லை, பின் தெருவில். எங்கள் புழக்கடைக்கும் அவர்கள் புழக்கடைக்கும் நடுவே ஒரு சந்துதான். அக்காவின் மாமியார் புருஷனை இழந்து, ஒரே மகனைத் தறியோட்டி வளர்த்தவள். வெடுக்கென்று பேசுவாள். சம்பந்தி என்று சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. தள்ளிவைத்த மறுநாளே அவர்கள் வீட்டுப் புழக்கடைக் கதவு சாத்திக்கொண்டது.

பெற்றவளும் மகளும் சந்துக்கு இப்புறமும் அப்புறமும் இருந்துகொண்டு முகம் பார்க்கக் கூடாது என்றால் அது என்ன நியாயமோ. ஆனால் சத்தத்தைத் தள்ளிவைக்க முடியவில்லை. அக்கா தறி ஓட்டுவாள். எல்லாத் தறியும் ஒரே மாதிரிச் சத்தம் போடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அக்கா ஒவ்வோர் இழைக்கும் பலகையை இரண்டு தட்டுத் தட்டுவாள். துணி நெருக்கமாக வரும் என்று அப்பா அவளை அப்படிப் பழக்கியிருந்தார். மத்தியானம் சாப்பாடானதும் அம்மா இராட்டையை நிறுத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வாள். சந்துக்கு அப்பாலிருந்து அந்த இரட்டைத் தட்டு கேட்க ஆரம்பித்ததும், "உங்கக்கா உக்காந்துட்டா" என்பாள். கொஞ்சம் மெதுவாகக் கேட்டால், "இன்னைக்கி ஒடம்புக்கு முடியல போல" என்பாள். அதுதான் அவர்கள் பேச்சு வார்த்தை.

ஆடி முடிந்து ஒருநாள் அந்தச் சத்தம் நின்றது. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அம்மா சாப்பிடவில்லை. காய்ச்சலோ, மாமியார் ஏதாவது செய்துவிட்டாளோ என்று பிதற்றினாள். பிறகு ஒரு விடியற்காலையில் என்னை எழுப்பி உட்கார வைத்து, "குழித்தறியில உக்கார வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க, சாமி. உங்கக்கா முழுகாம இருக்கறா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். நான் கிணற்றடியில் காத்திருந்து பார்த்தேன். உண்மைதான், அக்காவின் நடையே மாறியிருந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீயுமா என்று எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் குடம் நிறைந்து வழிந்த பிறகும் அவள் போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நான் போகிற வரைக்கும் நின்றாள்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைப்பில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில். எங்கள் பக்கத்தில் இதை மாற்றி யாரும் யோசித்ததுகூட இல்லை. மாதம் ஏறியதும் பெற்றவள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணை அழைத்துவர வேண்டும். எந்த முகத்தோடு போவது? போனால் அனுப்புவார்களா? அப்பாவிடம் மன்றாடினாள். "அவரு கால்ல ஒருக்கா விழுந்துட்டு வந்துருங்க. நான் எம் புள்ளைய ஊட்டுக்குக் கூட்டியாரோணும்."

"கேட்டதுல என்ன தப்பு? திருட்டுப் போனது என்னூட்டுச் சேலை" என்பார் அப்பா. எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. இரண்டு பேர் மேலும் கோபமும் வந்தது.

ஐப்பசியில் அப்பாவுக்குப் பாவு போட்டே தீர வேண்டியிருந்தது. பாவடி இல்லாததால் கோயிலுக்குப் பின்புறம் வண்டித்தடத்தில் இழுத்துக் கட்டினார். வேலைக்கு மூன்று பேர் கைதான். அப்பா நீவ, அம்மாவும் நானும் இழை பிரிக்க, பாதிகூட ஆகவில்லை. சூரமங்கலத்துப் பக்கமிருந்து கருப்பாக ஏறி வந்த மேகம் எங்கள் தலைக்கு மேலே நின்றது. முதல் துளி விழுந்ததும் அம்மா கத்தினாள்.

"பாவு நனையுதுங்கோ!"

நெசவுத் தெருவில் இந்தக் கூப்பாட்டுக்கு ஓடாத கால் கிடையாது. யார் பாவு, எவன் பாவு என்று பார்க்க நேரமிருக்காது. கஞ்சிப் பாவில் மழை இறங்கினால் நூல் அத்தனையும் கூழ். தறியில் இருந்தவன் தறியை விட்டான், சோற்றில் கை வைத்தவன் சோற்றை விட்டான். தெருவே திரண்டு ஓடி வந்தது. கட்டை அவிழ்த்தார்கள், கோலைத் தூக்கினார்கள், வரிசையாக நின்று பாவைச் சுருட்டித் தோள் மேல் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கூரை எங்கே இருக்கிறதோ அங்கே ஓடினார்கள். பக்கத்தில் இருந்த கூரை மாரியம்மன் கோயில் கொட்டகை. உள்ளே பெரியதனக்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அங்கே போய் நின்ற பிறகுதான் எல்லோரும் தோள் மேல் கிடப்பது யாருடைய பாவு என்று பார்த்தார்கள். கீழே போடவும் மனசில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் தைரியமில்லை. ஒரு முனையில் கோலைப் பிடித்திருந்தவள் அக்காவின் மாமியார்.

பெரியதனக்காரர் எங்களைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். தொட்டவர்களையெல்லாம் தள்ளிவைத்தால் தெருவில் அவரும் அவர் வெற்றிலைப் பெட்டியும்தான் மிஞ்சும். வெகுநேரம் மென்றார். பிறகு சொன்னார். "மழைக்குத் தொட்டது தொட்டதாகாது. மழ நின்னதும் அவங்க பாவ எடுத்துட்டுப் போயிரோணும்."

தெருவுக்கு மூச்சு வந்தது. இதற்குத்தான் ஒரு தலைவர். திருட்டுக்கு ஒரு வழி சொல்லத் தெரியவில்லை, தப்பிக்க மட்டும் எவ்வளவு சுருக்காக வழி தெரிகிறது என்று எனக்குத் தோன்றியது. கோலைப் பிடித்திருந்தவள் மட்டும் கேட்டாள். "மழையில போக்குவரத்து இருந்தாலும் தோசமில்லீங்களா? தெருவு கேக்க ஒருக்காச் சொல்லிப்போடுங்க."

"இல்லீன்னுதான் சொல்றேன்" என்று அவர் குரலை உயர்த்திச் சொன்னார்.

அடுத்த மழை ஒரு மத்தியானத்தில் வந்தது. புழக்கடைக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் அக்கா, தொப்பலாக நனைந்து நிற்கிறாள். பின்னால் மாமியார். "மழைக்கு ஒதுங்க வந்தோமுங்க, சம்பந்தி" என்றாள், சந்துக்கு அந்தப் பக்கம் தன் வீடு இருப்பதே தெரியாத மாதிரி.

அம்மா அக்காவின் தலையைத் துவட்டினாள். துவட்டி முடிந்த தலையையே மறுபடியும் துவட்டினாள். வீட்டில் இருந்த புளிச்சோற்றை உருட்டி உருட்டிக் கையில் வைத்தாள். அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "நான் தறி நிறுத்துனது இங்க கேட்டுதாம்மா?"

"கேட்டுது, சாமி. நிறுத்துனதுதான் ரொம்பக் கேட்டுது."

மாமியார் வாசற்படியில் நின்று உள்ளங்கையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துளி விழுவது நின்றதும், "போலாம்" என்றாள். அவளைப் போல நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை. வெயில் வந்த பிறகு ஒரு கணம்கூட இருக்க விட மாட்டாள்.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் மழையை எதிர்பார்த்த மாதிரி எந்தக் குடியானவனும் எதிர்பார்த்திருக்க மாட்டான். மேகம் திரண்டால் அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள். மேகம் ஏற்காட்டு மலைப் பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டால் அடுப்பை அவித்துவிட்டுச் சுவரோரம் உட்காருவாள். எங்கள் பூமியில் மழை எப்போதுமே கஞ்சம். அந்த வருஷம் அதற்கும் மேலே கைமுடக்கம். அக்கா வந்து போனது கொஞ்ச முறைதான். ஒவ்வொரு முறையும் வயிறு பெரிதாகியிருந்தது. நடுவில் வளர்ந்ததைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று அம்மா ஏங்குவாள்.

மார்கழி வந்தது. மழை போயிற்று. "பனி நல்லா விழுதே, அதுக்கு என்ன தீர்ப்புன்னு கேட்டுட்டு வரட்டுமா?" என்று அப்பா ஒருநாள் கிண்டல் செய்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். அப்பாவின் சிரிப்பு தாடிக்குள்ளேயே அடங்கிவிட்டது. தை கழிந்து மாசி பிறந்தது. வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அக்காவுக்கு அதுதான் மாதம்.

ஒருநாள் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, "வெள்ளிக்கெழம போயி விழுந்தர்றேன்" என்றார். தானே துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டார். இத்தனை மாதம் கேட்டது கிடைத்த அம்மா, அந்தத் துண்டைப் பார்த்துப் பார்த்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அதைக் கொடியிலிருந்து இழுத்துக் கிணற்றில் போட வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே வலி வந்துவிட்டது. உச்சிப் பொழுது. தெருவில் பேச்சு வித்தியாசமாகக் கேட்டு நான் வாசலுக்கு ஓடினேன். பின் தெரு முனையிலிருந்து அக்கா வந்துகொண்டிருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று நடந்தாள். ஒரு பக்கம் மாமியார் அவளைத் தாங்கியிருந்தாள். மாமியாரின் மறு இடுப்பில் ஒரு பித்தளைக் குடம். கையை உள்ளே விட்டுத் தண்ணீரை அள்ளி அள்ளி அக்காவின் தலை மேல் தெளித்துக்கொண்டே வந்தாள். சந்து வழியாக வந்திருந்தால் பத்து எட்டில் வந்திருக்கலாம். தலைப்பிரசவத்துக்குப் போகிற பெண்ணைத் திருட்டுத்தனமாகக் கூட்டிப்போக மாட்டேன் என்று ஊரறிய எங்கள் தெரு வழியாக, பெரியதனக்காரர் வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு வந்தாள்.

அவர் வெளியே வந்து நின்றார். "ஏனாத்தா, இது என்ன கூத்து?"

"மழைங்க" என்றாள் மாமியார்.

"வெயிலு மண்டையப் பொளக்குது."

"எங்களுக்குத் தூறுதுங்க." இன்னொரு கை அள்ளித் தெளித்தாள்.

கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிற மாசி மாதம் அது. ஒரு குடம் தண்ணீருக்கு விடியற்காலையில் எழுந்து காத்துக் கிடந்த காலம். எதிர் வீட்டுக்காரி உள்ளே போனாள். வெளியே வந்தாள். காலையில் தெளித்த வாசலில் மறுபடி ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்தாள். கொஞ்சம் அக்காவின் மேலும் பட்டது. அடுத்த வீட்டிலும் ஒருத்தி தெளித்தாள். அதற்கடுத்த வீட்டிலும். அக்கா ஈரமண்ணில் கால் வைத்து வைத்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெரியதனக்காரர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். எங்களைப் பார்க்கக் கூடாது என்று இத்தனை நாளாகத் தெரு பார்த்த அதே வானம்தான். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று பொழுது இறங்குமுன் எங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. அப்பா துவைத்துப் போட்ட துண்டில்தான் அதை முதலில் ஏந்தினார்கள்.

தள்ளிவைப்பை யாரும் எடுத்ததாக நினைவில்லை. தெரு மெல்ல மெல்ல அதை மறந்துவிட்டது. சவரம் செய்கிறவர் ஒரு தூறல் நாளாகப் பார்த்து வந்து அப்பாவின் தாடியை எடுத்துவிட்டுப் போனார். காவல் கடைசி வரை கிட்டங்கி வாசலிலேயே நின்றது.

பிறகு உலகச் சண்டை வந்தது. எங்கேயோ குண்டு விழுந்தது, எங்களுக்கு நூல் வரவில்லை. கிடைத்த நூலைத் தெருவுக்குப் பங்கிடுகிற பொறுப்பு பெரியதனக்காரரிடம் போயிற்று. அந்த நூல் யார் வீட்டுக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பம்பாயில் மில் வேலை இருக்கிறது என்று அக்காவின் புருஷன் கேள்விப்பட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறும்போது மாமியார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாரோமுங்க சம்பந்தி" என்றாள். போகிறோம் என்று சொல்லக் கூடாது அல்லவா.

அவர்கள் வரவில்லை. ரயில் செலவு, குழந்தைகள், லீவு இல்லை என்று எப்போதாவது கடுதாசி வரும். சந்துக்கு அப்பால் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மத்தியானத்தில் அம்மா சுவரோரம் போய் உட்காருவாள். கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. உட்கார்ந்திருப்பாள்.

அப்பா போய்ச்சேர்ந்த மறுவருஷம். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. கூரையில் முதல் துளி விழுந்ததும் படுக்கையிலிருந்து சொன்னாள். "மழ வருது. கதவத் தெறந்து வெய்யி."

நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். "அம்மா, அக்கா பம்பாயில இருக்கறா. இங்க மழ பேஞ்சா அவ எப்பிடி வருவா?"

அம்மா கூரைப் பக்கம் காதைத் திருப்பினாள். பிறகு, "அங்கயும் பேயுமில்ல, சாமி?" என்றாள்.

நான் எழுந்து போய்ப் புழக்கடைக் கதவைத் திறந்தேன். சாரல் உள்ளே வந்து தறிக்குழியை நனைத்தது. தறியில் நான் போட்டிருந்த பாவும் நனைந்தது. சாத்து என்று யாரும் சொல்லவில்லை, நானும் சாத்தவில்லை.